மைமூன் எழுதிய நோட்டு

கைதட்டல் அப்புறம் இருக்கட்டும்... செல்போன் எழுத்து பிள்ளைங்க படிப்பைக் கெடுக்குதுன்னு எனக்கு முன்னாடி பேசினவர் சொன்னார். ஆசிரியருங்க நீங்களும் தலையாட்டினீங்க. எனக்குத்தான் அந்த நாற்காலியில உக்கார முடியல. ஏன்னு ஒரு குட்டிக் கதையாவே சொல்லிடறேன், கேளுங்க.

தென்காசிப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரி. அங்க பொருளாதாரம் எடுக்கிறவங்க சகாயராணி மேடம். பாடம் நடத்தினா எக்ஸ்பிரஸ் வேகம்! ஒருநாள் நடத்திக்கிட்டே வர்றாங்க... மைமூன்ங்கிற பொண்ணோட நோட்டைப் பாக்கறாங்க. பூராவும் மெசேஜ் பாஷை! 'யூ'ன்னா ஒத்தை எழுத்து. 'ஃபார்'னா நாலுன்னு நம்பர்.

"ஏம்மா, இது காலேஜா, வாட்ஸ்அப் குரூப்பா? நாளையிலருந்து முழுசா எழுது. இல்லேன்னா என் வகுப்புக்கு வராதே!"

அந்தப் பொண்ணு என்னமோ சொல்ல வாயெடுத்தா... பக்கத்துல இருந்த செண்பகவல்லி அவ கையை இறுக்கிப் பிடிச்சா. "சரிங்க மேம்"னு உக்காந்துட்டா.

ஒரு மாசம் போச்சு. பரீட்சை வந்துச்சு. மைமூன் எப்படியோ பாஸ். செண்பகவல்லி? எப்பவும் எழுபதுக்குக் குறையாதவ... பதினொண்ணு! வெறும் பதினொண்ணு!

மேடத்துக்கு இருப்புக்கொள்ளல. உக்காருறாங்க, எழுந்திருக்கிறாங்க, ஜன்னல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வர்றாங்க. ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க.

"செண்பகவல்லி, என்னம்மா ஆச்சு உனக்கு?"

அவ மேடம் உதட்டையே பாக்கறா.

"உன்னைத்தான் கேக்கறேன்!"

மைமூன் அழுதுட்டா. "மேம்... அவளுக்குக் காது கேக்கல மேம். காய்ச்சல் வந்ததுலருந்து மோசமாகிட்டே போகுது. வீட்டுக்குத் தெரிஞ்சா ஹாஸ்டலைக் காலி பண்ணிக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு என்னைச் சொல்லவே விடல. நீங்க பேசப் பேச நான் எழுதுவேன், அவ படிப்பா. முழுசா எழுதச் சொன்னீங்க... உங்க வேகத்துக்கு என்னால முடியல மேம். பாதிதான் எழுதினேன். அந்தப் பாதிதான் அவளுக்குக் கிடைச்சுது."

மேடம் செண்பகவல்லியைத் தன் பக்கத்துல உக்கார வச்சாங்க.

மறுநாளே செண்பகவல்லியோட அப்பாவை வரச்சொல்லி, படிப்பை நிறுத்திடாதீங்கன்னு பேசினாங்க. ஒத்துக்கிட்டாரா? எங்க! மூணு தடவை பேச வேண்டியிருந்துச்சு. கடைசியில காது டாக்டர்கிட்ட மேடமே கூட்டிட்டுப் போனாங்க. வகுப்புல மைமூன் பழையபடி குறுக்கி எழுதினா. சாயங்காலம் ரெண்டு பேரும் உக்காந்து அதையே முழு வாக்கியமா மாத்தி எழுதணும்... மேடமும் கூடவே. அடுத்த பரீட்சையில செண்பகவல்லி அம்பத்தெட்டு.

ஆனா இதை என்கிட்ட சொல்லும்போதும் அந்தம்மா கை சும்மா இல்ல, புடவைத் தலைப்பை முறுக்கிக்கிட்டே இருந்துச்சு. "ஒரு மாசம், சார்... ஒரு மாசத்தை அவகிட்டருந்து பிடுங்கிட்டேனே!"

பரீட்சைத் தாள்ல நம்பர் போட்டு எழுதலாம்னா நான் சொல்றேன்? இல்லைங்க. அங்க முழுசாத்தான் எழுதணும். எங்க குறுக்கலாம், எங்க கூடாதுன்னு சொல்லிக்கொடுக்கத்தானே நாம இருக்கோம்? திட்டத்தான் இருக்கோமா?

சகாயராணி மேடமும் அன்னிக்குக் கேள்விதான் கேட்டாங்க... பதிலுக்கு நிக்கல.

நாளைக்கு உங்க வகுப்புல ஒரு பிள்ளை அப்படி எழுதும். "ஏம்மா இப்படி எழுதுற?"ன்னு கேளுங்க. கேட்டுட்டு... தயவுசெஞ்சு, நில்லுங்க.