கட்டு அவுக்கறதுக்கு முன்னாடி

அந்தம்மாவுக்குப் புத்தி சரியில்லையான்னு கேக்கறீங்களே, கண்ணு கட்டோட உள்ள படுத்துக்கீறாங்களே, அவுங்களத்தான? எங்க மாமியாருதான் அக்கா, வெங்கடம்மா. அவுங்க புத்தி நல்லாத்தான் கீது. எங்க சனத்துக்குத்தான் கெட்டுப் பூட்சி.

பைத்தியம்னே பேரு வச்சிட்டாங்க. உப்புன்னு நெனச்சி ரசத்துல ஆப்பசோடாவப் போட்டாங்க, ஆணியில தொங்கற சட்டையப் பாத்து சோறு துன்னியாடான்னாங்க, வாஸ்தவந்தான். சித்தூர்ல ஒரு டாக்டரு படத்த நீட்டி இது இன்னான்னாரு. கடிகாரத்தப் பாத்து சோத்துத் தட்டுன்னாங்க. மறதி நோவு, இனிமே தேறாதுன்னுட்டாரு. கண்ணு தெரியுதான்னு ஒரு வார்த்த கேக்கல. த்தூ.

எங்கொழுந்தன் பாபு, பெங்களூர்ல கம்பெனில கீறான், அதையே புடிச்சிக்கினான். அதுக்கு இன்னா தெரியும், செவுரு மாதிரின்னு அவுங்க எதிர்லயே சொல்லுவான். பெத்தவள அது இதுங்கற வாயி.

நாந்தான் நகரியிலேர்ந்து பஸ்ஸேத்தி திருப்பதிக்கு இட்டாந்தேன். இங்க டாக்டரம்மா படமெல்லாம் காட்டல, வாயாலயே கேட்டாங்க. இன்னா மாசம், இன்னா கெழம, எங்க மாமியாரு டக்கு டக்குனு சொன்னாங்க. எத்தினி புள்ளைங்கன்னா, ரெண்டு, பெரியவன் குவைத்துல, சின்னவன் பெங்களூர்லன்னாங்க. கண்ணுல பொற மூடிக்கினு கீது, பாக்காம கெடந்தா மூளையும் மந்தமாப் பூடும், ஆப்பரேசன் பண்ணா தெளிவாங்கன்னாங்க டாக்டரம்மா.

சந்தோசந்தான். ஆனா எங்க சனம் பண்றதக் கேளுங்கக்கா. காலையில பாபு போன் பண்றான், அண்ணி, கட்டு அவுக்கும்போது பொட்டு வச்சிக்கினு, பூ வச்சிக்கினு நில்லுங்க, இல்லாட்டி அம்மா கண்டுபுடிச்சிடும்ங்கறான்.

போன தையில எங்கூட்டுக்காரர குவைத்துலேர்ந்து பொட்டியில கொண்ணாந்தாங்க. கெழவி கத்தி ஊரக் கூட்டும்னு, அதுக்கு முந்துன நாளே பாபு அவுங்கள பலமனேர்ல அவுங்க தங்கச்சி ஊட்டுல உட்டுட்டு வந்துட்டான். பெத்த புள்ள மூஞ்ச கடேசியாக் காட்டல. பைத்தியத்துக்கு எதுக்குன்னான், எல்லாரும் ஆமான்னாங்க. அவரு பூட்டத அவுங்களாண்ட இன்னும் யாரும் சொல்லல.

நர்ஸம்மா கூப்புடறாங்க. இந்தாங்க, ஸ்டிக்கர் பொட்டு அட்ட, பாபு பேச்சக் கேட்டு வாசல்ல வாங்கினது. நீங்க வச்சிக்குங்க. அவுங்க கண்ணத் தொறந்தா மொதல்ல என் மூஞ்சத்தான் பாப்பாங்க. நான் இப்பிடியே போறேன்.