விரல் வைக்கும் முறை

அங்க இல்ல தம்பி, இன்னும் உள்ள தள்ளுங்க. நான் உக்கார்ற ஸ்டூலுக்கு நேர் கீழ. ஆமா, அந்தப் பெரிய ஸ்பீக்கர்தான். மேடையில யாரும் ஸ்பீக்கர் மேல உக்கார மாட்டாங்கதான், நான் உக்காருவேன். வயசான டிரம்ஸ்காரனுக்கு ஒரு கிறுக்கு இருக்கக் கூடாதா? இன்னிக்கு டிரம்ஸ் வாசிக்கப் போற அந்தப் பொண்ணு வாசிக்கறப்ப, அவ சிம்பல், அதான் அந்தப் பித்தளைத் தட்டு, அந்தச் சத்தத்த மட்டும் இதுல விடுங்க. மத்த டிரம்மெல்லாம் தானா வந்துடும்.

ஏன்னு கேக்குறீங்களா? சொல்றேன், கேபிள மாட்டிக்கிட்டே கேளுங்க.

ஹால எட்டிப் பாத்தீங்களா, நெறஞ்சுடுச்சு. ஜாஸ் கேக்க இவ்வளவு கூட்டமான்னு நெனக்காதீங்க. நான் வாசிச்ச காலத்துல பாதி நாற்காலி காலியாத்தான் கெடக்கும். இப்ப நான் வாசிக்கிறதே இல்ல. மாணவங்கள வாசிக்க விட்டு, எல்லார் முன்னாடியும் குத்தம் சொல்றேன். அதுக்கு டிக்கெட் தீந்து போகுது! அடுத்தவன் திட்டு வாங்குறதப் பாக்குறதுல அப்படி ஒரு சந்தோஷம் ஜனங்களுக்கு.

எல்லாம் என் மருமக ஏற்பாடு. கெட்டிக்காரி. மகன் டிரம்ஸ் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சான், இவ அதுக்கு விளம்பரமா என் மூஞ்சியப் போட்டா. மாடிப்படி ஏறினா என் மூஞ்சி, தண்ணி குடிக்கப் போனா அங்கயும் என் மூஞ்சி. போன வருஷம், போதும்மா, இதோட நிறுத்திக்கிறேன்னு சொல்லிப் பாத்தேன். மாமா, இத அப்படியே மேடையில சொல்லுங்க, உருகிடுவாங்கன்னா. சொன்னேன். ஹால் மொத்தமும் எந்திரிச்சு நின்னு கைதட்டுச்சு. மறுநாளே அடுத்த வகுப்புக்குத் தேதி போட்டுட்டா.

சிரிங்க, சிரிங்க. இன்னிக்கு சிரிக்கிற மாதிரி இல்ல. முன் வரிசை ஓரத்துல மொட்டத் தலையா ஒருத்தர், கால் மேல கால் போட்டுக்கிட்டு இருக்காரே, அவர் ஒரு பேண்டுத் தலைவர். அவரோட டிரம்ஸ்காரர் கீழ விழுந்து கைய ஒடிச்சுக்கிட்டார். அடுத்த வாரம் ஊர் ஊரா வாசிக்கக் கெளம்பணும், ஆள் இல்ல. இந்தப் பொண்ண நான் கேட்டுட்டு சரின்னா கூட்டிக்கிட்டுப் போவார். நான் உதட்டப் பிதுக்கினா அவ்வளவுதான். உங்களுக்கும்தான் ரெண்டு காது இருக்கே, நீங்களே கேட்டு முடிவு பண்ணுங்களேன்னு சொன்னேன். உங்க முன்னாடி நான் எம்மாத்திரம்ங்கறார். மரியாதைய சேத்து வச்சா இதான் கதி. எதுத்துப் பேச ஒருத்தன் மிஞ்ச மாட்டான்.

அந்தப் பொண்ணு மருந்துக் கடையில பகல் பூரா நின்னுட்டு, சாயங்காலம் வந்து வாசிக்கும். நேத்து, வேலைய விட்டுட்டேன் சார்ங்குது. யாரும்மா விடச் சொன்னதுன்னேன். நீங்க கேக்கப் போறீங்கல்ல சார், அது போதும்னுச்சு.

என்ன? ஆமா, அவ சிம்பல்ல ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கு. பாத்துட்டீங்களா? அது ஒரு கூத்து.

ஒரு வகுப்புல ஒருத்தி வாசிச்சுக்கிட்டு இருந்தா. நான் எந்திரிச்சுப் போய் அவ சிம்பல் ஓரத்துல ஒத்த விரல வச்சேன். எனக்கு ஒரு தேவை, வச்சேன். ஹால்ல ஒரு இருமல் இல்ல. எவனோ செல்போன்ல எடுத்துப் போட்டுட்டான், அது ஊரச் சுத்துச்சு. மருமக அதுக்கு விரல் வைக்கும் முறைன்னு பேர் வச்சுப் பாடத்துலயே சேத்துட்டா. இப்ப எங்க பள்ளிக்கூடத்துல ஒருத்தர் வாசிக்க, இன்னொருத்தர் சிம்பல்ல விரல வச்சுக்கிட்டு, கண்ண மூடி உக்காந்திருப்பாங்க. விரல் வச்சா சிம்பல் செத்துடும் தம்பி. பேசுறவன் வாயப் பொத்துற மாதிரி. டிரம்ஸ் தொட்ட அன்னிக்கே தெரிஞ்சுடும், அவங்களுக்கும் தெரியும். ஆனா நான் வச்ச விரலாச்சே! விரல் வைக்க ஆள் இல்லாதவங்க டேப் ஒட்டிக்கிறாங்க.

அத எடுக்கச் சொல்லலாமேன்னா? நேத்தே எடும்மான்னேன். சோதிச்சுப் பாக்குறீங்களா சார்னு சிரிச்சுட்டு, மேல இன்னொரு துண்ட ஒட்டிக்கிச்சு.

மைக்க வைக்கறப்ப நீங்க தட்டிப் பாத்தீங்கல்ல? எப்படி இருந்துச்சு? சும்மா சொல்லுங்க. கணீர்னு இருந்துச்சா, டொக்குன்னு இருந்துச்சா? தெரியலன்னா எப்படி, காத வச்சுக்கிட்டு…

சரி விடுங்க. என்னது, இந்த ஸ்பீக்கர்ல சிம்பல் வராதா? தொம் தொம்னு அடிச் சத்தம் மட்டும்தானா? அப்ப அந்தச் சின்னத வைங்க. ஓ, அது உக்கார்ற எடத்துல அதிராதா. காதுலதான் கேக்கணுமா.

காதுல கேட்டா நான் எதுக்கு தம்பி ஸ்பீக்கர் மேல உக்கார்றேன்?

அட, ஏன் இப்படி முழிக்கிறீங்க? மத்ததெல்லாம் கேக்குது. டிரம் கேக்குது, நீங்க பேசுறதும் கேக்குது. சிம்பல் மட்டும் போயிடுச்சு, கொஞ்சம் கொஞ்சமா. ஸ்டிக் போய் விழறது தெரியும், தட்டு ஆடுறது தெரியும், சத்தம் மட்டும் இருக்காது. ஜாஸ் டிரம்ஸுல சிம்பல எடுத்துட்டா அப்புறம் என்ன மிச்சம்? காதுல வைக்கிற மெஷின் வாங்கினேன். யாரோ பக்கத்துல தகரத்த ஆட்டுற மாதிரி இருக்கு. ஜேப்லயே கெடக்கு. அன்னிக்கு விரல் வச்சது ஏன்னு நெனச்சீங்க? அதிருதான்னு பாக்கத்தான்.

மகனுக்குத் தெரியாது. மருமகளுக்குத் தெரிஞ்சா அதுக்கும் ஒரு பேர் வச்சுடுவா.

அதனால ஒண்ணு பண்ணுங்க. பொண்ணு வாசிக்கறப்ப நான் உங்களத் திரும்பிப் பாப்பேன். நல்லா இருந்தா தலைய ஆட்டுங்க. இல்லேன்னா குனிஞ்சுக்குங்க. ஜாஸ்னா என்னன்னே தெரியாதா? கூட்டத்துக்கு மைக்கு கட்டுறவரா? இருக்கட்டுமே. அந்த மொட்டத் தலைக்கு நான், எனக்கு நீங்க.

எங்க போறீங்க தம்பி? இருங்க… ஐயோ, அந்தக் கதவோரம் நின்னா எனக்கு உங்க மூஞ்சி தெரியாது. தம்பி!

வாம்மா மருமகளே, வா. கூப்பிட்டியா? ஒண்ணுமில்ல, சவுண்டுக்காரர்கிட்ட சும்மா பேசிக்கிட்டிருந்தேன், அவருக்கு ஏதோ அவசரம்னு போயிட்டார். வர்றேன். பொண்ண ஆரம்பிக்கச் சொல்லு, நான் கேக்குறேன்.