நான்கு துவக்குகளுக்கு ஒரு மூடி

முதலில் உமக்கு ஒரு சிறு திருத்தம், பிள்ளை துசானி. உம்முடைய இத்தாலியன் நல்லது. எனக்கும் அது தெரியும், வாக்குமூலத்தைத் தமிழில்தான் கொடுப்பேன் என்றது நானே. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் விழுங்கிவிடுகிறீர். மன்னாரில் முப்பது வருடம் வகுப்பு நடத்திய காதுக்கு அது உடனே பிடிபட்டுவிடுகிறது. நான் சொல்லப்போவதை மேசைக்கு அப்பால் இருக்கும் இன்ஸ்பெக்டருக்கு நீர் பெயர்த்துச் சொல்லும்போது ஒன்றையும் விட்டுவிடாதீர், ஒன்றையும் புரட்டிப்போடாதீர். ஒரேயொரு வாக்கியத்தைப் புரட்டினால் என்ன நடக்கும் என்பதை இந்தக் குவெஸ்தூராப் பொலிஸ் நிலையத்தில் என்னைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை.

இன்ஸ்பெக்டர் கொட்டாவி விடுகிறார். விடட்டும். கடைசி வாங்கில் இருந்தவர்களுக்கும் நான் பாடம் சொல்லியிருக்கிறேன்.

அவர் தட்டச்சில் அடித்து வைத்திருக்கும் தாளை நீர் எனக்கு வாசித்துக் காட்டினீர். என் மருமகன் ஸ்ரான்லி, அவ்வொக்காத்தோ என்று இங்கே அழைக்கப்படும் சட்டத்தரணி ஸ்காலிச்சியின் மலைத்தோட்டத்தில் துவக்கு வெடித்து இறந்தது விபத்து என்று அதில் இருக்கிறது. எமிலியானுஸ் என்னும் வயோதிபர், அதாவது நான், ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் பிழையாக வாசித்ததே அதற்குக் காரணம் என்றும் இருக்கிறது. கையெழுத்து வைத்தால் நான் வீட்டுக்குப் போகலாம். உமக்கும் அதுதான் விருப்பம்.

“மாஸ்டர், பிழையா வாசிச்சிட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. செலஸ்ரீனா அக்கா வெளியிலை இருக்கிறா. கூட்டிக்கொண்டு போகட்டும்” என்று காதோடு காதாகச் சொன்னீர்.

உம்முடைய நல்ல மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் பிழையான விடைக்கு நான் ஒருநாளும் சரி போட்டதில்லை. ஆகவே பொறுமையாகக் கேளும்.

அவ்வொக்காத்தோ ஸ்காலிச்சிக்கு லிபெர்த்தா வீதியில் ஒரு முழு மாடி சொந்தம். அவருடைய அறிவுக்கு அதில் ஒரு அலுமாரித் தட்டே தாராளம். மனைவி இறந்தபின் அவருக்கு மாலையில் துணைக்கு இருக்க ஒருவர் தேவைப்பட்டார். காரோட்டி, நிலம் துடைத்து, துவக்குகளுக்கும் எண்ணெய் போட்டு வந்த ஸ்ரான்லிதான் என் பெயரைச் சொல்லி அந்த வேலையை வாங்கித் தந்தான். என்னுடைய வதிவிட அனுமதியான பெர்மெசோவுக்காக விடியுமுன்னே இதே கட்டடத்தின் வாசலில் வரிசை பிடித்து நின்றவனும் அவன்தான். வரிசையில் நிற்பதற்கு மூளை தேவையில்லை. என் வகுப்பில் அவன் ஏழாம் வாய்ப்பாட்டைத் தாண்டியதில்லை. அவனைத்தான் என் மகள் செலஸ்ரீனா தேடிப் பிடித்தாள்.

ஸ்காலிச்சி முதல் நாளே என்னைப் பார்த்து, “புரொபெசோரே, உங்கள் ஊரில் குரங்குகளுக்கு வகுப்பு நடத்தினீர்களாமே” என்றார்.

“இங்கும் அதே தொழில்தான், அவ்வொக்காத்தோ” என்றேன் பணிவாக.

அவர் மகிழ்ந்து சிரித்தார். துவக்குச் சத்தத்தில் ஒரு காது முழுவதும் போயிருந்தது. மற்றதும் பாதி.

அவரிடம் நான்கு துவக்குகள் இருந்தன. கடதாசி வட்டத்தைக் குறிபார்த்துச் சுடுவதற்கு மெல்லியது ஒன்று, முயலுக்கு ஒன்று, நரிக்கு ஒன்று. காட்டுப்பன்றிக்கு, தகப்பனார் விட்டுப்போன, தோளை இடிக்கும் பெரியது ஒன்று. தெருமுனைகளில் இராணுவம் காவல் நிற்கும் வருடங்கள் இவை. மலையில் வெடி கேட்டால் ஜீப் வந்து விசாரிக்கும். ஆகவே சத்தத்தை விழுங்கும் குழாய் ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. இந்த நாட்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. சட்டத்தை விற்றுப் பிழைத்தவருக்கு அது ஒரு பொருட்டல்ல. நான்குக்கும் ஒன்றே போதும் என்றார். கஞ்சத்தனத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் சிக்கனம். ஒரேத்தோ ஆற்றுப் பக்கத்தில் ஒரு கடைசல்காரனைப் பிடித்து, நான்கு குழல்களின் முனையிலும் ஒரே அளவில் புரி வெட்டுவித்தார். இனி எந்தக் குழாய்மூடியும் எந்தத் துவக்கிலும் ஏறும். எதை வாங்குவது என்பதுதான் மிச்சம்.

“மோட்டச்சைக்கிளுக்குத்தானே மாமா சைலன்சர்? துவக்குக்குமோ?” என்று ஸ்ரான்லி வாயைப் பிளந்தான். அவனுடைய அறிவின் எல்லை அது.

வெளிநாட்டுக் கடை ஒன்றின் விவரப் புத்தகம் வந்தது. முழுவதும் ஆங்கிலம். அதை ஸ்காலிச்சிக்கு வாசித்துச் சொல்வது என் பொறுப்பாயிற்று. இரண்டு படங்களில் அவருடைய விரல் நின்றது. ஒன்று அகன்ற துளையும் தடித்த உருக்குமாகப் பாரமானது. மெல்லிய துவக்கில் பூட்டினால் முனை தாழும், சத்தமும் சற்றுக் கசியும். மற்றது கறுத்து மெலிந்து பென்சில்போல இருந்தது. துளை சிறியது. கழுத்துப்பட்டி வாங்குபவரைப்போல அவர் இரண்டாவதையே தடவிக்கொண்டிருந்தார்.

புத்தகம் தெளிவாக எழுதியிருந்தது. பல துவக்குகளுக்கு ஒன்றை வாங்குபவர் தம்மிடமுள்ளதில் மிகப் பெரியதையே அளவாகக் கொள்ள வேண்டும். பெரிய துளை சிறிய குண்டுக்குத் தீங்கு செய்யாது. சிறிய துளையைப் பெரிய துவக்கில் ஒருபோதும் பூட்டலாகாது. நல்ல ஆங்கிலம். இப்போது எவர் அப்படி எழுதுகிறார்கள்?

நிறை, நீளம், உலோகம், துடைக்கும் முறை எல்லாவற்றையும் வரிக்கு வரி நேர்மையாகப் பெயர்த்தேன். அந்த ஒரு விதியை மட்டும் புரட்டினேன். சிறியதை அளவாகக் கொண்டால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றேன். பென்சிலை வாங்க அவருக்கு ஒரு சாட்டுக் கிடைத்துவிட்டது.

இன்ஸ்பெக்டரின் கொட்டாவி நின்றுவிட்டது. அவர் இப்போது என்ன நினைக்கிறார் என்பதையும் நானே சொல்கிறேன். தன்னைக் குரங்கு வாத்தியார் என்ற எசமானைக் கொல்ல கிழவன் திட்டமிட்டான், தவறுதலாக மருமகன் அகப்பட்டான் என்று நினைக்கிறார். அதற்கும் நான் சுழிதான் போடுவேன். ஸ்காலிச்சியைக் கொல்லும் அளவுக்கு நான் அவரை மதிக்கவில்லை.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எதையும் தாம் முதலில் செய்யமாட்டார். புதுப் போத்தல் வைனின் முதல் வாய் காரோட்டிக்கு, காளானின் முதல் துண்டு சமையற்காரிக்கு. புதுச் சாமானின் முதல் வெடி வேலைக்காரனுக்கு. அது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். “முதல் வெடி எனக்குத்தான் மாமா! அந்தப் பெரிய பண்டித் துவக்கிலை போட்டுப் பாக்கச் சொன்னவர்” என்று ஸ்ரான்லி பரிசு வாங்கிய பிள்ளைபோல வந்து சொன்னான்.

கோடை முடிய அவன் வடக்கே ரெஜ்ஜோ எமிலியாவுக்குப் போவதாக இருந்தான். அங்கே தொழிற்சாலை வேலை. செலஸ்ரீனாவையும் பேத்தி அனிற்றாவையும் கொண்டுபோகிறான். “நீங்களும் வாங்கோ மாமா. அங்கை குளிர்தான், ஆனா உங்களுக்கெண்டு ஒரு அறை பாத்திருக்கிறன்” என்றான். பஸ்ஸில் வயோதிபருக்கு இடம் விடுவதுபோன்ற தொனி. என் மனைவியை இழந்தபின், சண்டைக்குள்ளால் நான் கைபிடித்துக் கொண்டுவந்த ஒரே மகள் செலஸ்ரீனா. அவளை ஒரு மக்கு மாணவன் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போவதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம்.

ஆயினும் நான் நீதியான ஆள். எந்த மாணவனையும் பரீட்சை வைக்காமல் தோற்கடித்ததில்லை. மூடி வந்து சேருவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருந்தபோது, ஒரு கதை சொன்னேன்.

ஒரு கரடியிடம் நான்கு பானைகள் இருந்தன. மூடி வாங்க மனம் வந்ததோ ஒன்றுக்குத்தான். சந்தையில் கடை போட்டிருந்த ஆமையிடம் எதை வாங்கலாம் என்று கேட்டது. “மிகப் பெரிய வாய்க்கு வாங்கு. சின்னப் பானையில் வைத்தால் கொஞ்சம் ஆவி போகும், அவ்வளவுதான். சின்ன மூடியைப் பெரிய பானையில் வைத்தால் உள்ளே விழும், கொதிகுழம்பு உன் முகத்தில் தெறிக்கும்” என்றது ஆமை. கரடிக்குச் சின்ன மூடியின் பூவேலை பிடித்துவிட்டது. அதையே வாங்கியது. அதன்பின் அந்தக் கரடியின் முகத்தை எவரும் பார்த்ததில்லை.

“அம்மப்பா, பாஸ்தா, போதும்! கரடி பாத்திரக் கடைக்கு ஏன் போகுது?” என்றாள் அனிற்றா. ஸ்ரான்லி புரையேறும்வரை சிரித்தான். “அப்பா, கறி ஆறுது” என்றாள் செலஸ்ரீனா. முழு விடையையும் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தேன். அதை மேசையில் ஒருவரும் கவனிக்கவில்லை. கவனியாதவனுக்கு நான் என்ன செய்ய முடியும்?

ஒரு சிறு விவரம் விட்டுப்போயிற்று. பூரணமாக இருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன். மலைக்குப் புறப்பட்ட காலையில் ஸ்ரான்லி அந்தக் கறுப்புக் குழாயைக் கையில் உருட்டிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றான்.

“மாமா, அண்டைக்குச் சொன்ன கரடிக் கதையிலை பெரிய மூடியெல்லே வாங்கச் சொன்னது? இது துளை சின்னனாக் கிடக்கு.”

“அது கதை, தம்பி. அதிலை வாறது பானை, இது துவக்கு. யோசியாமல் போட்டு வாரும்.”

“ஓம் மாமா. இங்கிலீசிலை வாசிச்சவர் நீங்கள். நீங்கள் சொன்னாச் சரி.”

போகும்போது, பின்னேரம் எனக்கு மீன் வாங்கி வருவதாகவும் சொன்னான். அதற்காக அவனுக்குப் புள்ளி கொடுக்க முடியாது. பரீட்சை வைப்பவரிடமே விடையைக் கேட்பவன் விடை தெரிந்தவனாக மாட்டான்.

மிச்சத்தை உங்கள் வைத்தியர் எழுதியிருக்கிறார். ஸ்காலிச்சி ஒலிவ மரத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறார். சத்தம் மட்டும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்ததாம். அவர் குறைபட்டுக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

ஏன் நிறுத்திவிட்டீர், பிள்ளை? சொல்லும். வாலை விழுங்காமல் சொல்லும். அழுகை பெயர்ப்பில் சேராது.

இதையெல்லாம் நான் சொல்லாமலே இருந்திருப்பேன். பிடிபட்டதால் பேசுகிறேன் என்று இன்ஸ்பெக்டர் பெருமைப்பட வேண்டாம். அவர் எதையும் பிடிக்கவில்லை. கொஞ்சம் முன்பு, கதவு சரியாகச் சாத்தப்படாதிருந்தபோது, என் மகள் உம்மிடம் கெஞ்சியது எனக்குக் கேட்டது. “அப்பாவுக்குக் கண் மங்கல். இங்கிலீசும் மறந்துபோச்சுது, வெளியிலை காட்டமாட்டார். பிழையாத்தான் வாசிச்சிருப்பார், பாவம். அவரை ஒண்டும் செய்யாதேங்கோ எண்டு சொல்லுங்கோ தங்கச்சி.”

புருசனைப் புதைத்த கையோடு வந்து அப்படிச் சொன்னாள். முழுப் பாடசாலையும் எழுந்து நின்று வணக்கம் சொன்ன மனிதனைப் பற்றி, அவன் மகளே அப்படிச் சொன்னாள்.

ஆகவே அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொல்லும். எமிலியானுஸ் சரியாக வாசித்தார். சரியாக விளங்கிக்கொண்டார். யார் முதலில் சுடுவார் என்பதை அறிந்தே மாற்றிச் சொன்னார். கீழே கையெழுத்து வைக்கிறேன். ஆங்கிலத்திலேயே வைக்கிறேன்.

பிறகு நீர் வெளியே போய், என் கம்பளிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கும் செலஸ்ரீனாவிடம் நேரில் சொல்லும். அப்பா ஒரு எழுத்தைக்கூடப் பிழையாக வாசிக்கவில்லையாம் என்று சொல்லும். பாவம் பிள்ளை, இத்தனை நாளும் அதை நினைத்துத்தானே அழுதுகொண்டிருக்கிறாள்.