ஓடையில் கட்டிய கயிறு

ஹலோ... ஆமாம்மா, படகுச் சங்கத் தலைவர்தான்... கயிறு கட்டினப்ப யார் யார் இருந்தாங்களா? எழுதிக்கோங்க. நான், என் தம்பி, என் மகன், உங்க சுற்றுலா ஆபீஸ் காவலர், அக்கரை மோட்டார் படகுக்காரன். அஞ்சே பேர்... ஆமா, ஆமா, பறவைங்க முட்டையிடற ஓடைதான். குஞ்சு பறக்கிற வரைக்கும் ஒரு படகும் உள்ள போகக் கூடாது. உங்க போர்டு வர்றதுக்கு முந்தியே வருஷா வருஷம் எங்க குடும்பம் கட்டற கயிறும்மா அது!

எத்தனை கூடு?... பதினொண்ணா! எல்லாம் தண்ணியிலயா?... படகு அலைதான் அடிச்சிருக்கும். வேற யாரு, மோட்டார்காரன்தான். இஞ்சினை அணைக்காமலே தூங்கற பய. பயணிங்க கிட்டப் போய்ப் போட்டோ எடுக்கணும்னா அவனுக்குக் கயிறு என்ன, ஓடை என்ன? கயிறைக் காணோம்னதும், அவன்தான் அறுத்திருப்பான்னு நேத்து சாயங்காலமே சங்கத்துல சொன்னேன்... அங்கதான் உட்கார்ந்திருக்கானா? லைசென்ஸைப் பிடுங்குங்க... அழட்டுமே.

என்னம்மா?... திரும்பச் சொல்லுங்க... அறுக்கலையா?

சுருட்டி முளையில மாட்டியிருக்கா... ரெண்டு முடிச்சும் அவிழ்ந்து...

அந்த முடிச்சைப் பத்தி ஒண்ணு சொல்லணும்மா.

ஏய், நீ சும்மா இரு!... உங்களை இல்லம்மா, வீட்டுக்காரியை. பேச விடாம கையைப் பிடிச்சு இழுக்கறா.

அது எங்கப்பா சொல்லிக் கொடுத்த முடிச்சு. நனைஞ்சா இறுகிடும். தெரியாதவன் கத்தி வச்சுத்தான் எடுக்கணும். தெரிஞ்சவங்க மூணே பேர். அதுல நானும் தம்பியும் நேத்து பகல் முழுக்க உங்க கூட்டத்துலதான் இருந்தோம். மூணாவது ஆளு விடுதியில கைடு, பயணிங்களைப் படகுல கூட்டிட்டுப் போறவன்...

வேண்டாம்மா... ஊரே நம்பிடுச்சுன்னா அப்படியே விட்டுடறதா?... அடுத்த வாரம் புதுப் படகுத்துறை திறப்பு விழா, சரி. கல்வெட்டுல என் பேரு, அதுவும் சரி... குடும்ப மானம் எனக்குத் தெரியாதா? நீங்க சொல்லித் தர வேண்டாம். அடுத்தவன் பிழைப்பை எடுத்துக் காப்பாத்தற மானம் எங்க வீட்டுக்கு வேண்டாம்... கையை விடுடி!

பேனா இருக்கா? எழுதுங்க. மோட்டார்காரன் கயிறை அறுத்தான்னு ஊர் பேசறது பொய். அந்தப் பேச்சைக் கிளப்பினது நான். அவன் கயிறைத் தொடவே இல்ல. அவிழ்த்தது என் மகன்.

வச்சிடறேன்.