பாவுக்கு அந்தப் பக்கம் நின்ற பொறியாளர்

என் பெயர் மேரி, வயது 47, கணவர் பெயர் சிட்டிபாபு. காஞ்சிபுரம் ஓரிக்கை சாலையில், ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகக் கட்டிக்கொடுத்த குடியிருப்பில், பி பிளாக் ஏழாம் எண் வீட்டில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறேன். மூன்றாம் வகுப்பு வரை படித்தேன், அதுவும் பாதிதான். பட்டுப் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நீளவாட்டு இழைகளை, நீட்டிக் கஞ்சி போடும் கூலி வேலை செய்கிறேன். குடியிருப்பு அலுவலகத்தின் உதவிப் பொறியாளர் குமரகுருவை இரண்டு மணி நேரம் வெளியே விடாமல் தடுத்ததாக என் மேல் வந்த புகார் பற்றிக் காவல் நிலையத்தில் விசாரித்ததில் நான் சொல்வதாவது.

எங்கள் பிளாக்குக்குப் பக்கத்தில் அறுபதடி அகலத்துக்குக் காலி இடம் இருக்கிறது. மூன்று பக்கம் மதில், நான்காவது பக்கம் திறப்பு. அந்தத் திறப்பின் நீளத்துக்குத்தான் பாவு நீட்டுவோம். பதினான்கு குடும்பத்துக்கு அதுதான் பிழைப்பு. சென்ற மாதம் அலுவலகத்தார் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று நாற்காலி போட்டு, டீயும் சமோசாவும் கொடுத்து, வந்தவர்கள் பட்டியல் என்று ஒரு தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். எங்களை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சமோசா நன்றாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

அதன் பிறகு இம்மாதம் நான்காம் தேதி, அந்தத் திறப்பின் நடுவில் சிமெண்ட் பெஞ்சும் செடித் தொட்டியும் வைக்கக் குழி தோண்டப்போவதாகவும், அதற்கு நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்ததாகவும் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அதன் பிறகு மூன்று முறை அலுவலகம் போனோம். மூன்று முறையும் பொறியாளர் வெளியே போயிருக்கிறார் என்றார்கள்.

அதன் பிறகு பதினோராம் தேதி காலை ஏழு மணிக்குப் பொறியாளரும் ஒரு மேஸ்திரியும் சுண்ணாம்புப் பொடியோடு வந்து, உள்ளே மதிலோரம் அளந்துகொண்டிருந்தார்கள். அன்று ஏ பிளாக் சங்கரி அக்காவின் பாவு நீட்டும் முறை. அவர்கள் உள்ளே இருப்பது தெரிந்தேதான் நீட்டினேன். தெரியாது என்றால் அது பொய்.

அவர்கள் திரும்பியபோது பாவு முழுக்கக் கஞ்சி ஈரமாக இருந்தது. மேஸ்திரி குனிந்து அடியில் நுழைந்து போய்விட்டார். பொறியாளர் நின்றுவிட்டார். அவர் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம், பாவைத் தாண்டுவது அவர்களுக்கு ஆகாது, அதனால் நீட்டிய பாவைத் தாண்டவும் மாட்டார், அடியில் நுழையவும் மாட்டார். "தாண்டிப் போங்க சார், நான் கண்ண மூடிக்கிறேன்" என்றேன். "தாண்டுனேன்னு தெரிஞ்சா எங்கம்மா இன்னிக்கி சோறு போடாதும்மா. எவ்ளோ நேரம் ஆவும்?" என்று கேட்டார். "அது வெயிலு கையில இருக்குது சார். தேடிக்கினு வந்தா கெடைக்காத ஆளு, இன்னிக்கி தானா மாட்டிக்கினீங்க, குந்துங்க" என்றேன். அவரும் சிரித்தார். நான் அவரைத் தொடவில்லை, திட்டவில்லை. கதவைப் பூட்டினேன் என்று புகாரில் இருக்கிறதாம். அங்கே கதவே கிடையாது.

அதன் பிறகு வீட்டுக்கு ஒருவராக வந்து பாவுக்கு இந்தப் பக்கம் நின்று பேசினோம். பெஞ்ச் வந்தால் எங்கே நீட்டுவது என்று சங்கரி அக்கா அழுதார். "ரோட்டுல நீட்டுனா லாரிக்குத்தான் சார் பொடவ கட்டி வுடணும்" என்றேன். பொறியாளர் யோசித்தார். அதன் பிறகு அவரே மறுபடி அளந்து, பெஞ்சுகளை மதிலோரம் தள்ளி, வரைபடத்தில் பென்சிலால் மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒன்பது மணிக்குப் பாவு காய்ந்தது. சுருட்டும்போது அறுந்திருந்த ஓர் இழையைத் தன் கையாலேயே முறுக்கிச் சேர்த்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு அவருடைய மேலதிகாரி, பென்சில் எழுத்து செல்லாது என்று சொல்லி இந்தப் புகாரைக் கொடுத்திருக்கிறார். மன்னிப்புக் கடிதமும், நடுவிலேயே பெஞ்ச் போடச் சம்மதமும் எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவதாக நேற்று ஆள் விட்டுச் சொன்னார்கள். இரண்டும் எழுதித் தர மாட்டேன். பாவு நீட்டியது நான், சங்கரி அக்கா பேரைச் சேர்க்க வேண்டாம். கோர்ட்டுக்குக் கூப்பிட்டால் வருகிறேன். மேலதிகாரி வந்தாலும் பேசுகிறேன், அவர் பாவைத் தாண்டிப் போகிறவர் என்றால் தாண்டிப் போகட்டும், தடுக்க மாட்டேன். வரும் திங்கட்கிழமை நாலாம் வீட்டு அருளின் பாவு. அதே இடத்தில்தான் நீட்டுவேன். அதற்குள் குழி தோண்டினால் குழிக்கு மேலேயே நீட்டுவேன்.

இவ்வளவும் நான் வாயால் சொல்ல எழுதப்பட்டது. படித்துக் காட்டக் கேட்டேன், சொன்னது சொன்னபடியே இருக்கிறது, பொய் கலக்கவில்லை.

(ஒப்பம்) சி. மேரி