அவசரப்படாதவர்களுக்கு ஆம்புலன்ஸ்

குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திருகிவிட்டு, சூடு வருவதற்குள் இன்னும் இரண்டு சுற்றுத் திருகி, அப்புறம் "சுடுது, சுடுது" என்று குதிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. திருகினால் சற்றுப் பொறுக்க வேண்டும். வருவதைப் பார்த்து, வேண்டியதோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்குத் தக்கபடி மறுபடி திருக வேண்டும். என் தொழிலில் இதற்குப் பின்னூட்டக் கட்டுப்பாடு என்று பெயர். குழாய் இருக்கும் இடத்தில் கம்ப்யூட்டர் இருக்கும், அவ்வளவுதான். இதை வைத்தே ஆயுள் முழுக்கச் சாப்பிட்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்பது என் மைத்துனன் செத்ததைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன். வழியில் ஆம்புலன்ஸ் அலுவலகம் இருக்கிறது. அதைத் தாண்டாமல் அவனிடம் போக முடியாது.

ஊரில் யாருக்கு மூச்சுத் திணறினாலும் போன் அங்கேதான் வரும். நீளமான அறை. ஹெட்போன் மாட்டிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சுவரில் பெரிய போர்டு, அதில் ஒரு பச்சைக் கோடு. அழைத்தவர்கள் பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பதை அது காட்டும். மழைநாளில் அந்தக் கோடு மரம் ஏறும். அப்போதுதான் மேலாளர் எனக்கு ஆள் அனுப்பினார். நான் ஓய்வு பெற்று, மனைவியின் சமையலறை அலமாரிகளைச் சீர்திருத்திக்கொண்டிருந்த காலம். "போயிட்டு வாங்க, வீடாவது பிழைக்கட்டும்" என்று அவள்தான் வழியனுப்பினாள்.

"ஐயா, இந்தக் கோடு ஒரு நிமிஷத்தைத் தாண்டக் கூடாது" என்றார் மேலாளர்.

"இன்னும் நாலு ஆளைப் போடலாமே?"

"ஆள் போடறதா இருந்தா உங்களை எதுக்குக் கூப்பிடறேன்?"

நியாயமான பேச்சு. நான் கம்ப்யூட்டருக்குள் ஒரு வால்வு வைத்தேன். காத்திருப்பு கூடினால் வால்வு தானாக மூடும், வரிசைக்குள் நுழையும் அழைப்புகள் குறையும். காத்திருப்பு குறைந்தால் திறக்கும். நுழைய முடியாதவர்களுக்கு எங்கேஜ் சத்தம் கேட்கும். அவர்கள் வரிசையிலேயே இல்லை. ஆகவே காத்திருக்கவும் இல்லை. கணக்கு சுத்தம்.

அப்படியும் கோடு துள்ளியது. பார்த்தால், எங்கேஜ் கேட்ட ஜனங்கள் சும்மா இருப்பதில்லை. மறுபடி மறுபடி அடிக்கிறார்கள். ஒருவரே பத்துப் பேராகி வாசலில் முட்டுகிறார். ஆகவே ஒரு சின்னத் திருத்தம் செய்தேன். ஒரு நம்பரிலிருந்து எத்தனை முறை அடிக்கிறார்களோ, அத்தனை படி அந்த நம்பர் பின்னால் தள்ளப்படும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். நாங்கள் ஆம்புலன்ஸையும் மட்டுப்படுத்தினோம். அடிப்பது நின்றுபோனால் அந்த நம்பருக்கு எதிரே 'தீர்ந்தது' என்று விழும். சிலர் அதன்பின் ஒருபோதும் எங்களை அழைக்கவில்லை. திருப்தி அடைந்தவர்கள்.

முன்வரிசையில் ஒரு பெண், கொஞ்சம் வாய் நீளம். "அழுத பிள்ளைதானே சார் பால் குடிக்கும்? நீங்க அழுத பிள்ளையைத் தூக்கி வெளியில போடறீங்களே" என்றாள்.

"உள்ளே எவ்வளவு அமைதியா இருக்கு பாரும்மா" என்றேன்.

உண்மையிலேயே அமைதி. கோடு பாய் விரித்துப் படுத்துவிட்டது. அதன்மேல் தம்ளர் வைத்தால் தண்ணீர் தளும்பாது. வெளியூர்களிலிருந்து வந்து பார்த்தார்கள். ஒரு தீயணைப்பு அதிகாரி கண் கலங்கி, தனக்கும் இதேபோல ஒன்று செய்து தரச் சொன்னார். ஊரில் நெஞ்சுவலியே பாதியாகக் குறைந்துவிட்டதாக மேலாளர் ஒரு கூட்டத்தில் பேசினார். நான் மறுக்கவில்லை. ஒருவர் பேசும்போது குறுக்கே பேசும் பழக்கம் எனக்கு இல்லை.

இனி மைத்துனன். என் மனைவியின் தம்பி, கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருந்தவன். இதயம் பலவீனம், குரல் மட்டும் பலம். இன்னொரு முறை வலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், தாமதித்தால் ஆள் தங்கமாட்டான் என்று டாக்டர் எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார்.

"அத்தான், எனக்கு வலி வந்தா உங்க மெஷின் போனை எடுக்குமா?"

"நிதானமா ஒரே ஒரு தடவை அடி. எடுக்கும்."

"நெஞ்சு வலிக்கிறப்ப நிதானம் எங்கேருந்து வரும்? நீங்க என்ன, சாமியாருங்களுக்கா மெஷின் கட்டியிருக்கீங்க?"

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நிஜமாவே எடுக்கும் இல்ல?" என்று என்னைப் பார்த்தாள். எடுக்கும் என்றேன்.

அன்று நல்ல மழை. தெருவில் வண்டி எதுவும் கிடைத்திருக்காது. அலுவலகத்தில் விருந்தினர்கள் வந்திருந்தார்கள். மரியாதைக்காக என் செல்போனை அணைத்துவைத்திருந்தேன். வால்வு முக்கால்வாசி மூடியிருந்தது, கோடு அசையவில்லை. வாய் நீளமான அந்தப் பெண் எழுந்து என்னிடம் வந்தாள்.

"சார், கடைசியில தள்ளியிருக்கிற நம்பர் உங்க வீட்டு நம்பர். நான்தான் அதுல உங்களைக் கூப்பிடுவேனே. விடாம அடிக்கிறாங்க சார்."

"தெரியும்மா. நான் பார்த்துக்கறேன்."

"நான் வேணா திருப்பிக் கூப்பிடட்டுமா?"

"போய் உட்காரும்மா."

என் மேசையில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் எந்த நம்பரையும் நேரே உள்ளே விடலாம். என் விரல் அதன்மேல்தான் இருந்தது. அழுத்தினால் கோடு ஒரு துள்ளல் துள்ளும். மேலாளரோ அப்போதுதான், "இதுல மனுஷக் கையே படறதில்லை" என்று விருந்தினர்களிடம் சொல்லி முடித்திருந்தார். பத்துப் பேர் நடுவில் அவரைப் பொய்யராக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டிலிருந்து என் மனைவி அடித்த ஒவ்வொரு முறையும் எங்கள் நம்பர் ஒரு படி கீழே இறங்கியது. நான் எழுதிய விதி பிசகாமல் வேலை செய்தது. பிறகு அடிப்பது நின்றது. 'தீர்ந்தது' என்று விழுந்தது. விருந்தினர்கள் கை தட்டினார்கள். அதற்காக அல்ல, கோட்டுக்காக.

ஆக, அவனைக் கொன்றது மழை இல்லை, எந்திரமும் இல்லை, நான்தான். எதற்காக அடிக்கிறாள் என்று தெரிந்தே விரலை எடுத்துக்கொண்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வழக்கை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா என்று நீங்கள் யோசிக்கலாம். கூடப் பிறந்தவனை இழந்தவள் என் மனைவி. அவளே ஒன்றும் கேட்கவில்லை. அன்று வீட்டுக்குப் போனபோது கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. குறை இருந்தால் சொல்லியிருப்பாள்.