ராக்காயி முகம் பதித்த தபால்தலை

நான் வாய் திறக்கும் முன்பே கடிகாரத்தைப் பார்த்துவிட்ட அவைத்தலைவர் விக்னேஸ்வரன் அவர்களே! மேடையை அணிசெய்யும் ஆன்றோர்களே! இந்த மாலைப் பொழுதின் மாண்பாக வீற்றிருக்கும் புகைப்படக் கலைஞர், ஜெலாப்பாங் மண் ஈன்ற செல்வி ஜோசலின் அவர்களே! வேலை முடிந்த கையோடு, வீட்டுக்கும் போகாமல், ஈப்போவின் இந்த மண்டபத்துக்கு விரைந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் நிற்கும் தோழர்களே! உங்கள் ஒவ்வொருவருக்கும் என் உள்ளம் கனிந்த வணக்கம்.

உட்கார்ந்திருந்தபோதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நின்றும் கால் தரையில் பாவவில்லை. ஏன்? வாழும் புகைப்படக் கலைஞர்களை வாழும்போதே வாழ்த்தும் தபால்தலை வரிசை வந்திருக்கிறது. அந்த வரிசையில் நம் ஜோசலின் எடுத்த படமும் வந்திருக்கிறது. மகிழ வேண்டாமா? மகிழ்ந்தேன், மார்தட்டினேன்! ஆனால் அந்த மகிழ்ச்சிக்குள் ஒரு முள் தைத்துக்கொண்டே இருக்கிறது.

என்ன படம் அது? தாப்பா பக்கத்தில் மூடப்பட்ட ஒரு ரப்பர் தோட்டம். வரிசை வீடுகளாய் நீளும் தொழிலாளர் லயத்து வாசல். வாளியோடு நிற்கும் ஒரு பெண். கருப்பு வெள்ளை. "ஏம்மா, வண்ணத்தில் எடுத்திருக்கலாமே?" என்று ஜோசலினிடம் கேட்டேன்.

"கலர்ல எடுத்தா அந்த வாளியோட செவப்புதாண்ணே கண்ண இழுக்குது. அவங்க மொகம் பின்னால போயிடுது" என்றார்.

ஆகா! ஒரு முகத்துக்காக வண்ணத்தையே துறந்த கலைஞர்! கைதட்டுங்கள்... போதும், போதும், இன்னும் கதை இருக்கிறது.

அந்தத் தபால்தலைப் படம் நாளேட்டில் வந்தது. நம் வீட்டுப் பெண்களின் படம் நாளேட்டில் எந்தப் பக்கத்தில் வரும்? சொல்லுங்கள்! ஆம் அம்மா, சரியாகச் சொன்னீர்கள், கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தில்! படத்தில் நிற்பவர் பெயர் ராக்காயி. அவருடைய தம்பி சீனி பாரிட் புந்தாரில் இருக்கிறார். தேநீர்க் கடையில், பக்கத்து மேசைக்காரர் விரித்த நாளேட்டில் அக்காவின் படத்தைக் கண்டார். கீழே இருந்த எழுத்தைப் படிக்கவில்லை, கண் கலங்கிவிட்டது. வேன் பிடித்தார், மாலை வாங்கினார், சொந்தங்களை ஏற்றினார், ஒப்பாரியோடு லயத்து வாசலில் வந்து இறங்கினார். அங்கே ராக்காயி சோறு வடித்துக்கொண்டிருந்தார்!

"அக்கா... நீ இருக்கியா?"

"இருக்கேன்லா! போன் போட்டுக் கேக்க மாட்டியா?"

"போட்டேன். நீ எடுக்கல."

"பேட்டரி கோசோங். கரண்ட வெட்டிட்டானுங்க, எங்க போயி சார்ஜ் பண்றது?"

"அப்ப இந்த மாலைய என்னக்கா பண்றது?"

"வேனுக்குப் போட்டு ஓட்டிட்டுப் போ!"

சிரியுங்கள், சிரியுங்கள். அதோ, மூன்றாம் வரிசையில் ராக்காயியே சிரிக்கிறார்! ஆனால் தவறு செய்தவர் சீனி மட்டும்தானா? தபால்தலை சேகரிக்கும் அன்பர்களே, பூதக்கண்ணாடி வைத்து ஓரத்துப் பற்களை எண்ணினீர்களே, அவர் இடுப்பில் செருகியிருக்கும் கைப்பேசியைக் கண்டீர்களா? "அடடா, அந்தக் காலத்துத் தோட்ட வாழ்க்கை!" என்று பெருமூச்சு விட்டீர்கள். எந்தக் காலம் ஐயா? போன வருடம்! சீனியாவது ஒருத்தியைத்தான் சாகடித்தார். நாம் ஒரு லயத்தையே சாகடித்துவிட்டோம்.

தோட்டத்தை வாங்கிய நிறுவனம், குடியிருப்போருக்கு மாற்று வீடு தருவதாக வாக்குக் கொடுத்தது. வீடும் வரவில்லை, விளக்கும் எரியவில்லை. இப்போது என்ன சொல்கிறது தெரியுமா? "லயத்தில் ஆளே இல்லை, அடுத்த மாதம் இடிக்கப் போகிறோம்" என்கிறது. ஆள் இல்லையா? விடிந்தால் தாப்பாவில் பள்ளிக்கூடம் கூட்டப் போகும் ராக்காயி ஆள் இல்லையா? அடுத்த வாசலில் பிள்ளைக்குத் தலைவாரிப் பேருந்து ஏற்றிவிடும் தாய் ஆள் இல்லையா? எனக்குக் கோபம் வருகிறது தலைவரே! நீங்கள் மணி அடித்தாலும் அது அடங்காது.

தபால்தலை எதற்கு? ஆல்பத்துக்குள் அடக்கம் செய்யவா? அஞ்சலில் அனுப்பவா? வெளியே மேசையில் தாளும் உறையும் வைத்திருக்கிறோம். வாங்கிய தபால்தலையைப் பத்திரப்படுத்தாதீர்கள், ஒட்டுங்கள்! அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள்! என்ன எழுதுவது? ராக்காயி அக்கா, நீங்களே சொல்லுங்கள். எழுந்து நின்று, சத்தமாகச் சொல்லுங்கள்!

"'நான் இங்கதான் இருக்கேன். வீடு எங்க?'ன்னு எழுதுங்கலா!"

கேட்டீர்களா? அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். உங்கள் உறையில் ஒன்று, என் உறையில் ஒன்று, கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அந்த அம்மாவின் உறையில் ஒன்று! ஒவ்வொரு உறையின் மூலையிலும் ராக்காயி! ஆளே இல்லை என்று சொன்னவரின் மேசைமேல் ஆள் வந்து, ஆள் வந்து, ஆள் வந்து இறங்கட்டும்! அவர் தேநீர்க் கோப்பை வைக்கவும் இடமில்லாமல் இறங்கட்டும்!

படம் எடுத்த ஜோசலினுக்கும், படத்தில் நின்ற ராக்காயிக்கும், இப்போதே பேனாவைத் தேடும் உங்கள் கைகளுக்கும் நன்றி. உறை மேசை வாசலில் இருக்கிறது. வணக்கம்.